டி செல் ரிசெப்டர் ரீஃபோல்டிங்: ஆல்ஃபாவும் பீட்டாவும் சேர மறுக்கின்றன, யாராவது வழி சொல்லுங்கள்

கீழ்ப்பட்டை | செவ்வாய், இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். பதிவு நீளம், முன்கூட்டியே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நான் பி.எச்டி. இரண்டாம் ஆண்டு. எச்.எல்.ஏ-ஏ2 (செல்லின் மேல் பெப்டைடைத் தூக்கிக் காட்டும் புரதம்) மேல் உட்காரும் ஒரு பெப்டைடை, அதாவது புரதத் துணுக்கை, அடையாளம் காணும் டி செல் ரிசெப்டரை, சவ்வுப் பகுதியை வெட்டிவிட்டு, கரையும் புரதமாகச் செய்ய வேண்டும். ஆல்ஃபா, பீட்டா இரண்டு சங்கிலிகளும் தனித்தனி பெட் வெக்டரில் (ஜீனைப் பாக்டீரியாவுக்குள் கொண்டுபோகும் டி.என்.ஏ. வளையம்) இருக்கின்றன. ஈ.கோலை பி.எல்.21-இல் புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி. போட்டால் இரண்டுமே இன்க்ளூஷன் பாடியாக (மடியாமல் திரண்ட கட்டிகளாக) தாராளமாக வருகின்றன. அதுவரை கல்யாண வீடு. அதற்கப்புறம் இழவு வீடு.

டிரைட்டான் போட்டுக் கழுவி, 8 மோலார் யூரியாவில் 10 மில்லிமோலார் டி.டி.டி.யோடு (சிஸ்டீன்களுக்கு இடையிலான டைசல்ஃபைடு பிணைப்பை உடைப்பது) கரைத்து, புரதத்தை மறுபடி மடியவைக்கும் ரீஃபோல்டிங் பஃபரில் சேர்க்கிறேன். பஃபரில் 5 மோலார் யூரியா, 0.4 மோலார் ஆர்ஜினின், ட்ரிஸ் பி.எச். 8.1, டைசல்ஃபைடு சரியாகச் சேர உதவும் சிஸ்டமீன், சிஸ்டியமீன் ஜோடி. லிட்டருக்கு 300 கிராம் யூரியா, 84 கிராம் ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு. ஸ்டோர் ரூம் அண்ணன் "என்னம்மா, வயலுக்கு உரம் போடுகிறாயா" என்றே கேட்டுவிட்டார். டயாலிசிஸ் தொடங்கியதும் பையெல்லாம் வெள்ளையாகக் கலங்குகிறது. வடிகட்டி, க்யூ காலம்னில் பிடித்து, அளவுப்படி பிரிக்கும் சூப்பர்டெக்ஸ் 200-இல் ஓட்டினால் 8 மில்லிலிட்டரில் மலை மாதிரி ஒரு பீக், 15-இல் சின்ன மேடு. 8 என்றால் காலம்னின் வாய்ட், அதாவது கட்டி கட்டியாய்த் திரண்ட குப்பை. மூன்று முறை செய்தாயிற்று, மூன்று முறையும் இதே கதை.

கைடு "ஈ.கோலையை விட்டுவிட்டு எச்.ஈ.கே. என்ற மனித செல்லுக்குப் போ" என்கிறார். போகலாமா, இல்லை இன்னொரு முறை முட்டிப் பார்க்கலாமா?

சஸ்பென்ஷன்சாமி | செவ்வாய், இரவு 11:52

போங்கள், உடனே போங்கள். இந்தக் காலத்தில் மனித ரிசெப்டரை யார் பாக்டீரியாவில் செய்கிறார்கள்? மனிதப் புரதத்தை மனித செல்லே மடிக்கட்டும், டைசல்ஃபைடு போடட்டும், சர்க்கரை ஒட்டட்டும், மீடியத்தில் துப்பட்டும், நாம் நிக்கல் காலம்னில் பிடித்துக்கொண்டால் போதும். எட்டனர்செப்ட் டி.என்.எஃப். ரிசெப்டர்தானே, 1998-இல் அனுமதி கிடைத்தது, அதையே சைனீஸ் ஹாம்ஸ்டர் செல்லில்தான் செய்கிறார்கள். ரீஃபோல்டிங் என்பது பிரார்த்தனை. நான் பகுத்தறிவுவாதி.

பழைய பைப்பெட் | புதன், காலை 6:15

சாமி, எட்டனர்செப்டை எடுத்துக்காட்டியது சரி, ஆனால் டெபென்டாஃபஸ்ப் என்று ஒன்று இருக்கிறதே, கண் மெலனோமாவுக்கு 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கரையும் டி செல் ரிசெப்டரின் மறுமுனையில் டி செல்லின் சி.டி.3-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடித் துண்டு. அது ஈ.கோலையிலிருந்துதான் வருகிறது. மருந்தாகவே நரம்புக்குள் ஏற்றும் பொருளை அதில் செய்ய முடிகிறது என்றால், ஒரு மாணவியின் சோதனைக்குச் செய்ய முடியாதா?

இந்தச் சண்டை புதிதும் அல்ல. டி செல் ரிசெப்டர் ஜீன்களை டாக் மாக் குழுவும் மார்க் டேவிஸ் குழுவும் 1984-இல் குளோன் செய்த பிறகு, அதன் முழு வடிவத்தைப் பார்க்கப் பன்னிரண்டு வருடம் ஆனது. 1996-இல் இரண்டு கட்டமைப்புகள் வந்தன: 2சி என்ற எலி ரிசெப்டரைப் பழ ஈ செல்லில் செய்தார்கள், ஏ6 என்ற மனித ரிசெப்டரை ஈ.கோலை இன்க்ளூஷன் பாடியிலிருந்து மடித்தார்கள். ஒரே வருடம், இரண்டு வழி, இரண்டும் வேலை செய்தன. ஆகவே எந்த செல் உசத்தி என்று கட்சி கட்ட வேண்டாம்.

கீழ்ப்பட்டை, உனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, இந்தப் புரதத்தை வைத்து என்ன செய்யப் போகிறாய்? இரண்டு, 15 மில்லிலிட்டர் மேட்டை டி.டி.டி. போட்டும் போடாமலும் பக்கத்துப் பக்கத்துக் கிணற்றில் ஜெல் ஓட்டினாயா?

கீழ்ப்பட்டை | புதன், காலை 9:40

நன்றி சார். முதலில் எஸ்.பி.ஆரில் பிணைப்பு அளக்க வேண்டும். சிப்பில் பயோட்டின் ஒட்டிய எச்.எல்.ஏ-ஏ2, அதன் மேல் ரிசெப்டரை ஓட விடுவது. நடந்தால் பிறகு கிரிஸ்டல். செல் மேல் எதுவும் போடப் போவதில்லை.

டி.டி.டி. இல்லாமல் ஜெல் ஓட்டவில்லை. போட்டு ஓட்டியதில் 15 மேட்டில் இரண்டு பட்டையும் தெரிந்தன, ஆனால் பீட்டா கனமாக, ஆல்ஃபா மெலிதாக. வாய்ட் பீக்கிலும் இரண்டும் இருந்தன.

பழைய பைப்பெட் | புதன், காலை 10:05

அப்படியானால் அந்த ஜெல்லை முதலில் ஓட்டு. டி.டி.டி. போட்ட ஜெல் காட்டுவது உன்னிடம் ஆல்ஃபாவும் பீட்டாவும் இருக்கின்றன என்பதை. அவை ஒன்றையொன்று பிடித்திருக்கின்றனவா என்பதை டி.டி.டி. இல்லாத ஜெல்தான் காட்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் 25 பக்கத்தில் இருக்கும் பட்டைகள் காணாமல் போய், 45-50 கிலோடால்டன் பக்கம் ஒரே பட்டை நிற்கும். ரீஃபோல்டிங்கில் எத்தனை நாள் உழைத்தாலும் இந்த அரை நாள் வேலையைச் செய்யாதவர்களே அதிகம்.

இதோடு இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடு. ரீஃபோல்டில் எவ்வளவு கன அளவு சேர்த்தாய்? லிட்டருக்கு 50 மில்லி சேர்த்தால் உன் 10 மில்லிமோலார் டி.டி.டி. அரை மில்லிமோலாராகக் கூடவே வந்து உட்கார்ந்து, சிஸ்டமீன் சிஸ்டியமீன் சமநிலையைக் குலைத்துவிடும். கெட்டியாகக் கரைத்து, நான்கைந்து மில்லிக்குள் முடி. புரதம் இரண்டும் சேர்த்து லிட்டருக்கு 60 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள். நெருக்கிப் போட்டால் மடிவதற்கு முன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். யூரியா எத்தனை நாள் பழையது? பழைய யூரியாக் கரைசலில் சயனேட் உருவாகி லைசினில் போய் ஒட்டும், மாஸ் ஸ்பெக்கில் 43 டால்டன் கூடுதலாகத் தெரியும். அன்றன்றைக்குக் கரைத்தது மட்டுமே. சூடு காட்டிக் கரைக்காதே, அவசரம் என்றாலும்.

அப்புறம், ஆல்ஃபா மெலிது என்றாயே, இரண்டையும் 280 நானோமீட்டர் ஒளியில் அளந்து சம எடை போட்டாயா? இன்க்ளூஷன் பாடியில் டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டிருந்தால் 280 எண் பொய் சொல்லும். 260-உம் பார். சந்தேகம் என்றால் ஜெல்லில் அளவு தெரிந்த பி.எஸ்.ஏ. புரதத்தைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிடு.

சஸ்பென்ஷன்சாமி | புதன், காலை 10:31

இத்தனை 'பார்' போட்டீர்களே, நான் சொன்னது இதைத்தான். எச்.ஈ.கே.யில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

பழைய பைப்பெட் | புதன், மதியம் 1:10

வேறு தலைவலி உண்டு. முழு நீள ஆல்ஃபா சங்கிலி துணையில்லாமல் இருந்தால் செல் அதை இழுத்துப் போட்டு உடைத்துவிடும், செல்லுக்குள் தரக்கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று படிப்பவர்களுக்கு அதுதான் பழகிய உதாரணமே. சவ்வுப் பகுதியை வெட்டினாலும் ஒரு ரிசெப்டர் நன்றாக வரும், அடுத்தது வராது, ஏன் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் எச்.ஈ.கே.யிலும் செய்திருக்கிறேன். ஏழில் இரண்டு வந்தன.

கொல்லிமலையான் | புதன், மாலை 4:45

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் இயற்கைக் கொல்லி செல் பக்கம் (பெயரைப் பார்த்தாலே தெரியும்). எனக்கு சி.டி.16ஏ வேண்டும், ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் ரிசெப்டர். சர்க்கரையில் ஃப்யூகோஸ் இல்லாத ஆன்டிபாடியை அது எவ்வளவு கூடுதலாகப் பிடிக்கிறது என்று அளப்பதுதான் வேலை. பாக்டீரியாவில் செய்தால் மலிவு. செய்யலாமா பைப்பெட் சார்?

பழைய பைப்பெட் | புதன், மாலை 5:20

செய்யக்கூடாது. இந்த இடத்தில் சாமி சொல்வதுதான் சரி, மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்கிறேன்.

காரணம் இது. அந்த ரிசெப்டரின் 162-ஆம் அஸ்பரஜினில் ஒரு சர்க்கரைக் கிளை இருக்கிறது. ஃப்யூகோஸ் இல்லாத ஆன்டிபாடி வரும்போது, ஆன்டிபாடியின் சர்க்கரையும் ரிசெப்டரின் இந்தச் சர்க்கரையும் ஒன்றோடொன்று உரசி உட்காருகின்றன. கூடுதல் பிடி அங்கிருந்துதான் வருகிறது. ஈ.கோலை சர்க்கரை ஒட்டாது. புரதம் அழகாக மடியும், ஆன்டிபாடியையும் பிடிக்கும். இந்தக் குடும்பத்தின் கட்டமைப்பை 2000-இல் ஆன்டிபாடி வாலோடு சேர்த்துப் பார்த்ததே பாக்டீரியாவில் செய்து மடித்த புரதத்தை வைத்துத்தான். ஆனால் நீ அளக்க நினைக்கும் வித்தியாசம் மட்டும் தெரியாது. தெரியவில்லை என்று நீ எழுதுவாய், ரெவியூவர் சிரிப்பார்.

டி செல் ரிசெப்டரிலும் சர்க்கரை ஒட்டும் இடங்கள் உண்டு, பெரும்பாலும் பெப்டைடைத் தொடும் முகத்திலிருந்து தள்ளி இருக்கின்றன. அதனால்தான் கீழ்ப்பட்டையிடம் என்ன சோதனை என்று முதலில் கேட்டேன்.

சஸ்பென்ஷன்சாமி | புதன், இரவு 8:02

ஒப்புக்கொண்டதற்கு நன்றி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கொல்லிமலையான், சாதாரண எச்.ஈ.கே.யில் செய்தால் சர்க்கரை பல தினுசாக வரும், ஜெல்லில் பட்டை பூசினாற்போல் அகலமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். பிணைப்பு அளப்பதற்கு அதுவே நல்லது. கிரிஸ்டல் வேண்டும் என்றால் மட்டும் சர்க்கரைக் கிளையை எளிமையாக நிறுத்தும் கிஃபுனென்சின் போட்டு வளர்த்து, எண்டோ-எச் என்சைம் போட்டு வெட்டிவிடலாம். இல்லை ஜி.என்.டி.-1 என்சைம் இல்லாத எச்.ஈ.கே. செல் இருக்கிறது, சர்க்கரை ஐந்து மேனோஸோடு நின்றுவிடும். நம் ஹர் கோவிந்த் கொரானா ஐயாவின் ஆய்வகத்தில் 2002-இல் செய்தது, ரொடாப்சினுக்காக. உங்கள் அளவீட்டுக்கு அதை எடுக்காதீர்கள். எல்லாச் சர்க்கரையும் சர்க்கரை அல்ல.

காய்ச்சல்காரி | வியாழன், காலை 7:30

கீழ்ப்பட்டை செல் மேல் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், நிம்மதி. ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காக என் கதையைச் சொல்லி வைக்கிறேன்.

முதல் போஸ்ட்டாக் காலத்தில் ஈ.கோலையில் ஒரு ரிசெப்டரின் வெளிப்பகுதியைச் செய்து, மோனோசைட் மேல் போட்டேன். டி.என்.எஃப்., ஐ.எல்-6 எல்லாம் எகிறின. புதிய சிக்னல் வழியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்று இரவு தூங்கவே இல்லை. அடுத்த வாரம் ஒரு சீனியர் அக்கா அமைதியாகக் கேட்டார்: "புரதத்தைக் கொதிக்க வைத்துப் போட்டாயா?" கொதிக்க வைத்தேன், அதே அளவு எகிறியது. புரதம் கொதித்துச் செத்த பிறகும் வேலை செய்கிறது என்றால் வேலை செய்வது புரதம் அல்ல, எண்டோடாக்சின். பாக்டீரியாவின் வெளிச்சவ்வுக் கொழுப்பு, சூட்டுக்கு அசையாது, மோனோசைட்டுக்கு நானோகிராமிலும் குறைவாக இருந்தாலே போதும். ஆறு மாதம் போச்சு.

நான் மட்டும் அல்ல, ஹீட் ஷாக் புரதங்கள் தாமாகவே சைட்டோகைன்களைத் தூண்டுகின்றன என்று ஒரு காலத்தில் பெரிய அலை அடித்தது, அதில் கணிசமான பகுதி எண்டோடாக்சின் கலப்பு என்று பிறகு தெரிந்தது. ஆகவே எண்டோடாக்சினை அளக்கும் எல்.ஏ.எல். சோதனை செய்யாமல் பாக்டீரியாப் புரதத்தைச் செல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். டிரைட்டான் எக்ஸ்-114 போட்டுப் பிரிக்கலாம், கொஞ்சம் புரதமும் போகும். எச்.ஈ.கே. ஆட்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம், உங்கள் கண்ணாடிக் குடுவையிலும் நிக்கல் ரெசினிலும் பழைய ஈ.கோலைக்காரர்கள் விட்டுப்போனது இருக்கும்.

கீழ்ப்பட்டை | வெள்ளி, இரவு 10:15

ஜெல் ஓட்டினேன். டி.டி.டி. இல்லாத வரிசையில் 25 பக்கம் இரண்டு பட்டைகள் அப்படியே இருக்கின்றன. 50 பக்கம் ஒரு மெல்லிய பட்டை, அதற்கு மேலே கிணறு வரை ஒரே புகை. அதாவது ஆல்ஃபாவும் பீட்டாவும் சேரவில்லை, ஆனால் யாரோ யாரையோ பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

டி.டி.டி. விஷயத்திலும் பிடிபட்டுவிட்டேன் சார். லிட்டருக்கு 40 மில்லி சேர்த்திருக்கிறேன். யூரியா பாட்டில் மேல் எழுதியிருந்த தேதியைச் சொல்ல மாட்டேன்.

பழைய பைப்பெட் | சனி, காலை 6:40

அந்தப் புகை டி.டி.டி.யால் மட்டும் வருவது இல்லை. தனியாக ஒரு சிஸ்டீன் எங்கோ தொங்கிக்கொண்டு, கண்டவர் கையையும் பிடிக்கிறது. கன்ஸ்ட்ரக்ட் எப்படி வடிவமைத்தாய்? சங்கிலிகளுக்கு இடையே டைசல்ஃபைடு எங்கே வைத்தாய்?

கீழ்ப்பட்டை | சனி, காலை 8:55

2003-இல் வந்த முறைதான் சார். இயற்கையான டைசல்ஃபைடு சவ்வு ஓரத்தில் இருப்பதால் அதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டு, ஆல்ஃபாவில் த்ரியோனின் 48, பீட்டாவில் செரின் 57 இரண்டையும் சிஸ்டீனாக மாற்றுவது. ஜீனை அப்படியே எழுதி ஆர்டர் கொடுத்தேன்.

பழைய பைப்பெட் | சனி, காலை 9:02

48 என்பது எங்கிருந்து 48?

கீழ்ப்பட்டை | சனி, காலை 9:30

சங்கிலியின் தொடக்கத்திலிருந்து. ஏன் சார்?

கீழ்ப்பட்டை | சனி, காலை 9:34

ஐயோ.

பழைய பைப்பெட் | சனி, காலை 9:50

பரவாயில்லை, உட்கார்ந்து ஒரு காபி குடி. அந்த எண்கள் கான்ஸ்டன்ட் பகுதியின் தொடக்கத்திலிருந்து எண்ணுபவை. ஒவ்வொரு ரிசெப்டரிலும் வேரியபிள் பகுதியின் நீளம் மாறும், ஆகவே சங்கிலி முழுவதையும் எண்ணினால் ஆளுக்கொரு எண் வரும். எண்ணை நம்பாதே, அக்கம்பக்கத்தைப் பார். ஆல்ஃபாவில் அஸ்பார்டிக், லைசின், த்ரியோனின், வாலின், லூசின் என்று ஒரு வரிசை வரும், அந்தத் த்ரியோனின்தான். பீட்டாவில் கிளைசின், வாலின், செரின், த்ரியோனின், அஸ்பார்டிக், புரோலின் என்று வரும், அந்தச் செரின். அதே பீட்டாவில் கொஞ்சம் தள்ளி டைரோசினுக்கு அடுத்து ஒரு இயற்கைச் சிஸ்டீன் ஜோடியில்லாமல் நிற்கும், 75. அதை அலனின் ஆக்கினாயா?

கீழ்ப்பட்டை | சனி, காலை 11:15

75-உம் சங்கிலித் தொடக்கத்திலிருந்துதான் எண்ணியிருக்கிறேன். அந்த இடத்தில் சிஸ்டீனே இல்லை என்று பார்த்து, "நம் ரிசெப்டரில் ஏற்கெனவே இல்லை போலிருக்கிறது, நல்லது" என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தேதியோடு, சிரிப்பு முகத்தோடு.

ஆக என் புரதத்தில் சேர வேண்டிய இடத்தில் சிஸ்டீன் இல்லை, வேரியபிள் பகுதியில் இரண்டு சிஸ்டீன் சும்மா துருத்திக்கொண்டு இருக்கின்றன, அதில் ஒன்று பீட்டாவின் இரண்டாவது சி.டி.ஆர். வளையத்துப் பக்கம், அதாவது பெப்டைடைப் பார்க்கும் முகத்திலேயே. இதை எச்.ஈ.கே.யில் கொண்டுபோய்ப் போட்டிருந்தால்?

சஸ்பென்ஷன்சாமி | சனி, காலை 11:21

என் செல்லும் திணறியிருக்கும். இந்த ஒரு முறை ஈ.கோலையை மன்னிக்கிறேன்.

மூன்றாவது கிணறு | சனி, மதியம் 2:30

இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தேன். நான் கம்ப்யூட்டேஷன் ஆள், கேள்வி முட்டாள்தனமாக இருந்தால் திட்டுங்கள். டி செல்லையே எடுத்து, இலக்கு செல்லைக் கொடுத்து, கொல்கிறதா என்று பார்த்தால் போதாதா? எதற்கு இவ்வளவு பாடுபட்டு ரிசெப்டரை மட்டும் தனியாகச் செய்ய வேண்டும்?

காய்ச்சல்காரி | சனி, மாலை 6:10

முட்டாள்தனம் இல்லை, நல்ல கேள்வி. கொல்கிறதா என்பது ஒரு கேள்வி, வேறு எதையெல்லாம் பிடிக்கும் என்பது இன்னொரு கேள்வி. 2013-இல் வெளியான சம்பவம் ஒன்று. மேஜ்-ஏ3 என்ற புற்றுநோய்ப் புரதத்தின் பெப்டைடை எச்.எல்.ஏ-ஏ1 மேல் பிடிக்கும்படி, பிடிப்பை வலுவாக்கிய ரிசெப்டரை நோயாளிகளின் டி செல்லில் வைத்தார்கள். முதல் இரண்டு நோயாளிகளும் இதயம் செயலிழந்து இறந்தார்கள். இதயத்தில் மேஜ்-ஏ3 கிடையாது. அதற்கு முன் செல் வைத்துச் செய்த சோதனைகளிலும் இது சிக்கவில்லை. பெப்டைடின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, ரிசெப்டர் எதை விட்டுக்கொடுக்கிறது, எதை விடாது என்று பட்டியல் போட்டுத் தேடியபோது டைட்டின் அகப்பட்டது, இதயத் தசையின் பெரிய புரதம். துடிக்கும் இதயத்தசை செல்களை வளர்த்து, அதன் மேல் போட்டுப் பார்த்தபோது உறுதியானது.

அந்த ரிசெப்டர் தன் இலக்கைப் பிடிப்பதில் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதுதான் கொடுமை. கையில் சுத்தமான ரிசெப்டர் இருந்தால் வரிசையாகப் பெப்டைடுகளை மாற்றி மாற்றி எண் எடுக்கலாம். செல் சோதனைக்கு மாற்று என்று சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

கீழ்ப்பட்டை | ஐந்து வாரம் கழித்து, திங்கள், இரவு 9:05

திரும்பி வந்துவிட்டேன். சரியான இடத்தில் சிஸ்டீன், 75-இல் அலனின், தப்பான சிஸ்டீன்களை எடுத்தாயிற்று. புது யூரியா, லிட்டருக்கு 4 மில்லி, துளித்துளியாக. குளிர் அறையில் சிஸ்டியமீன் நாற்றம் தாங்காமல் பக்கத்து ஆய்வகத்தார் கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் டயாலிசிஸ் பை இந்த முறை கண்ணாடி மாதிரி இருந்தது. 15 மில்லியில் நல்ல பீக். டி.டி.டி. இல்லாத ஜெல்லில் 48 பக்கம் ஒரே பட்டை, போட்டால் இரண்டாகப் பிரிகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் சொச்சம்.

இதைவிடப் பெரிய செய்தி: எஸ்.பி.ஆரில் கே.டி. (பிணைப்பு எண், குறைந்தால் பிடி இறுக்கம்) 60 நானோமோலார்! இயற்கை ரிசெப்டர் இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, கைடு பேப்பர் எழுத ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்.

பழைய பைப்பெட் | திங்கள், இரவு 9:40

வாழ்த்துகள், ஜெல்லுக்கு. கே.டி.க்கு வாழ்த்து இப்போதைக்கு இல்லை.

தைமஸில் தேர்வாகி வரும் இயற்கை ரிசெப்டர்கள் பெரும்பாலும் 1 முதல் 100 மைக்ரோமோலார் வரைதான் பிடிக்கும். 60 நானோமோலார் என்றால் ஒன்று நீ அபூர்வமான ஒன்றைப் பிடித்திருக்கிறாய், அல்லது உன் குழாயில் கட்டி இருக்கிறது. வரைபடத்தின் வடிவம் எப்படி? பிடிப்பு பலவீனமாக இருந்தால் ஊசி போட்டதும் செங்குத்தாக ஏறி, சமமாக நின்று, நிறுத்தியதும் செங்குத்தாக இறங்கும், பெட்டி மாதிரி. உன்னுடையது?

கீழ்ப்பட்டை | திங்கள், இரவு 9:58

மெதுவாக ஏறுகிறது. இறங்கும்போது பாதி இறங்கி, பிறகு வால் மாதிரி இழுத்துக்கொண்டே போகிறது. அடிக்கோட்டுக்குத் திரும்பவே இல்லை.

பழைய பைப்பெட் | திங்கள், இரவு 10:20

அந்த வால்தான் குற்றவாளி. ஒரு கட்டியில் பத்து ரிசெப்டர் இருந்தால், ஒன்று விட்டாலும் ஒன்பது பிடித்திருக்கும், ஆகவே சிப்பை விட்டுப் போகாது. நூற்றில் இரண்டு பங்கு கட்டி இருந்தாலே வரைபடத்தை அது ஆண்டுவிடும். டெட்ராமர் செய்வதன் சூட்சுமமே இதுதானே, தனித்தனியாகப் பலவீனமாகப் பிடிப்பதை ஸ்ட்ரெப்டாவிடினில் நான்காகக் கட்டினால் செல்லை விடாமல் பிடிக்கும். அங்கே வேண்டுமென்று செய்கிறோம், உனக்கு வேண்டாமல் நடந்திருக்கிறது. புரதத்தை உறைய வைத்து எடுத்தாயா?

கீழ்ப்பட்டை | திங்கள், இரவு 10:31

மைனஸ் 80-இல் இரண்டு வாரம் இருந்தது.

பழைய பைப்பெட் | திங்கள், இரவு 10:50

சரி. அன்றைக்கே சூப்பர்டெக்ஸில் ஓட்டி, பீக்கின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, அன்றைக்கே எஸ்.பி.ஆர். செய். உச்ச அளவு 100 மைக்ரோமோலார் தேவைப்படும், உன் புரதத்துக்கு அது மில்லிக்கு 5 மில்லிகிராம், கெட்டியாக்கிய பிறகு வேகமாகச் சுழற்றி அடியில் தங்குவதை விட்டுவிடு. பக்கத்துச் சானலில் வேறு பெப்டைடு ஏற்றிய எச்.எல்.ஏ-ஏ2 இருக்கட்டும். சிப்பில் இருக்கும் எச்.எல்.ஏ. உயிரோடு இருக்கிறதா என்று டபிள்யூ6/32 ஆன்டிபாடியை ஓட்டிப் பார், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் கழன்று வடிவம் குலைந்திருந்தால் அது பிடிக்காது. கூடவே விடை தெரிந்த ரிசெப்டர் ஒன்று வேண்டும். 1ஜி4 கிடைக்குமா? என்.ஒய்-ஈசோ-1 பெப்டைடைப் பிடிப்பது, பலர் அளந்தது, பத்துகளில் மைக்ரோமோலார் வரும்.

கொல்லிமலையான் | செவ்வாய், காலை 7:12

1ஜி4 பிளாஸ்மிட் எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது அக்கா, அனுப்புகிறேன். ஒரு விஷயம்: பெப்டைடின் கடைசி எழுத்து சிஸ்டீன், பாட்டிலில் ஆக்சிஜன் பட்டு இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். வாலின் ஆக்கிய பெப்டைடை வாங்குங்கள்.

கீழ்ப்பட்டை | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, மாலை 6:20

பெட்டி! இரண்டுமே பெட்டி! பழைய குழாயை மறுபடி சூப்பர்டெக்ஸில் ஓட்டிப் பார்த்தேன், 8 மில்லியில் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு மேடு இருந்தது, அச்சைப் பெரிதாக்கினால்தான் தெரிகிறது. அதை விலக்கிய பிறகு என் ரிசெப்டர் 44 மைக்ரோமோலார். 1ஜி4 முப்பதுக்குக் கொஞ்சம் கீழே. வேறு பெப்டைடு சானலில் ஒன்றும் இல்லை. 60 நானோவிலிருந்து 44 மைக்ரோவுக்கு, எழுநூறு மடங்கு இறக்கம். கைடின் முகம் கொஞ்சம் வாடியது, பேப்பரின் தலைப்பிலிருந்து 'அபூர்வ' என்ற சொல்லை அவரே அடித்துவிட்டார்.

பழைய பைப்பெட் | வெள்ளி, இரவு 7:05

44 மதிப்பான எண். இன்னொரு பேட்ச் மடித்து, அதிலும் அதே வருகிறதா பார். மிச்சம் இருக்கும் புரதத்தை மறுபடி மைனஸ் 80-இல் போட்டுவிடாதே.

கீழ்ப்பட்டை | வெள்ளி, இரவு 7:11

போட்டுவிட்டேனே சார். போய் எடுக்கிறேன்.

சஸ்பென்ஷன்சாமி | வெள்ளி, இரவு 7:30

கொல்லிமலையான், உங்கள் சி.டி.16 என்ன ஆயிற்று? எச்.ஈ.கே. வந்ததா?

கொல்லிமலையான் | வெள்ளி, இரவு 8:44

வந்தது, 30 மில்லி கல்ச்சரில் அரை மில்லிகிராம், பட்டை சாந்து பூசின மாதிரி அகலமாக. ஆனால் செல்லில் மைக்கோபிளாஸ்மா என்று நேற்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தனி இழை தொடங்குகிறேன்.